டோரி ஹோல்ட் இன்னும் எத்தனை ஆண்டு காத்திருப்பார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தில் வைட் ரிசீவராக, அதாவது வீசப்படும் பந்தை ஓடிப் பிடிப்பவராக, ஆடிய டோரி ஹோல்ட்டின் பெயர், அந்த ஆட்டத்தின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் பரிசீலனைக்கு வருவதும் திரும்பிப் போவதுமாக இருப்பது மனத்தை உறுத்துகிறது. 2000 முதல் 2005 வரை தொடர்ந்து ஆறு பருவங்கள், ஒவ்வொன்றிலும் பந்தைப் பிடித்து 1,300 யார்டு தூரத்துக்கு மேல் எடுத்தார். அதற்கு முன் எவரும் செய்திராத சாதனை அது. அறிமுகப் பருவத்திலேயே, அவரது அணி டென்னசி டைட்டன்ஸை வென்ற சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் ஏழு பந்துகளைப் பிடித்து 109 யார்டும் ஒரு டச் டவுனும் (பந்துடன் எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளி பெறுவது) எடுத்தவர்.

செயிண்ட் லூயிஸ் ராம்ஸ் அணியில் அவருடன் ஆடிய, பந்தை வீசும் குவாட்டர்பேக் கர்ட் வார்னர், மற்றும் மார்ஷல் ஃபால்க், ஆர்லாண்டோ பேஸ், ஐசக் புரூஸ் எல்லோரும் கேன்டன் நகரில் உள்ள அந்த ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றுவிட்டார்கள். சுற்றிலும் நட்சத்திரங்கள் இருந்ததால் வந்த எண்கள்தானே என்று ஹோல்ட்டை ஒதுக்குவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. 2003இல் பெரும்பாலும் பந்தை வீசியவர் வார்னர் அல்ல, மார்க் பல்ஜர். அந்த ஆண்டுதான் ஹோல்ட் 1,696 யார்டு எடுத்து லீக்கிலேயே முதலிடம் பிடித்தார்!

மொத்தம் 920 கேட்சுகள், 13,382 யார்டுகள். டச் டவுன்கள் 74தான். அது குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தேர்வுக் குழுவினர் அடுத்த முறை அந்த ஆறு பருவங்களின் ஆட்டப் பதிவுகளைப் பார்த்துவிட்டு வாக்களிக்கட்டும்.

தங்கள் நெடுநாள் வாசகர்