சின்ன வெங்காய விவசாயிகள் விற்பனை மற்றும் பதப்படுத்தும் சங்கம்: 2024-25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், ஆலத்தூர் வட்டத்துக் கிராமங்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு அச்சிட்டு வழங்கப்பட்டிருப்பதால் தொகைகளை இங்கே திரும்பச் சொல்லவில்லை.

புரட்டாசிப் பட்டத்தில் இலை முறுக்கிக்கொள்ளும் திருகல் நோயும், காயின் அடி அழுகும் அடித்தாள் அழுகலும் பல வயல்களில் கண்டன. ஏக்கருக்குச் சுமார் 600 கிலோ விதை வெங்காயம் ஊன்றும் நமக்கு, நோயுற்ற காயை விலை கொடுத்து வாங்கி நடுவது இரட்டை நட்டம் என்பதால், விதையிலிருந்து நாற்று விட்டு நடும் கோ 5 ரகத்தைச் சில உறுப்பினர்கள் முயன்று பார்த்தனர். நாற்றங்காலைப் பராமரிக்கும் பொறுமை எல்லோருக்கும் வாய்க்கவில்லை.

இவ்வாண்டின் பெரிய குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும். மழைக்குப் பயந்து அவசரமாகப் பிடுங்கிய காயை, அதன் தாள் (இலை) முழுதும் காயாத நிலையிலேயே, காயைக் குவித்துச் சேமிக்கும் கிழக்குப் பட்டறையில் கொட்ட அனுமதித்தவன் நான். ஏற்ற வேண்டாமென்று எடை போடும் பணியாளர் சொல்லியும், வாசலில் காத்து நின்ற வண்டிகளைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. ஒரு வாரத்தில் அடியில் சூடேறி நாற்றம் கிளம்பியது. பிரித்துப் பார்த்தபோது மேலே சருகு சலசலத்தது, உள்ளே கைவிட்டால் பிசுபிசுத்தது. எல்லாக் காயையும் ஒன்றாகக் கலந்து விற்றுச் சராசரி விலை வழங்குவது நம் வழக்கமாதலால், நன்கு உலர்த்திக் கொண்டுவந்தவர்களும் அந்த நட்டத்தைச் சுமக்க நேர்ந்தது. அவர்களின் கோபம் நியாயமானது. இனி ஒவ்வொருவர் காய்க்கும் தனிச் சீட்டுக் கட்டுவதென்றும், ஈரக் காயைப் பட்டறையில் ஏற்றாமல் களத்திலேயே பரப்பி வைப்பதென்றும் நிர்வாகக் குழு தீர்மானித்துள்ளது.

மண்டியில் விலை போகாத பொடிக்காயை உலர்த்திப் பொடியாக்கும் பணி சுமாராக நடந்தது. தோலுரித்த வெங்காயத்துக்குத் திருச்சி உணவகங்களில் கேட்பு இருக்கிறது. ஆனால் உரித்த காய் குளிரூட்டாமல் தாங்காது, மிகச் சிறிய காயை இயந்திரம் சரியாக உரிப்பதும் இல்லை. அந்தக் காயை இன்னும் நம் பெண்களின் கைகளே உரிக்கின்றன. கூலியை உயர்த்தக் கோரும் அவர்களது மனுவை ஏற்குமாறு பரிந்துரைக்கிறேன்.

பெரிய வெங்காயத்தின் விலையை அடக்க 2023 ஆகஸ்டில் விதிக்கப்பட்ட 40 விழுக்காடு ஏற்றுமதி வரி நம் காயையும் பிடித்தது. அது 2024 செப்டம்பரில் 20 ஆகக் குறைந்து, 01.04.2025 முதல் முற்றிலும் நீங்கியது. வரியும் தடையும் விதிக்கும்போது சின்ன வெங்காயத்தைத் தனியாகக் கருத வேண்டுமென்ற கோரிக்கையை இப்பேரவை மீண்டும் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்ப வேண்டுகிறேன்.

சிறு குளிர்பதன அறை அமைக்க, குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தின் 35 விழுக்காடு மானியத்துக்கு விண்ணப்பிப்பதென்றால், நமது பங்குத் தொகை எவ்வளவு என்பதை இன்றே முடிவு செய்தாக வேண்டும்.

இவ்வறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்