பெட்டியை மாற்றும் முன்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் என் கார் பானட்டைத் திறந்தபடி பாதி வேலையில் கிடந்தது, முடித்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். நேற்று சாயங்காலம் ஓட்டிப் பார்த்ததோடு முடிந்தது. உன் வண்டிக்கு வந்த அதே வியாதிதான் என் வண்டிக்கும். ஆக, தாமதமும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

சூடு ஏறினால் இன்ஜின் நிற்கிறது, அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்புகிறது, மெக்கானிக் பார்த்த மாத்திரத்தில் "ஈ.சி.எம். போச்சு", அதாவது இன்ஜினை ஆட்டிவைக்கும் கணினிப் பெட்டி போச்சு என்றார் என்று எழுதியிருக்கிறாய். போயிருக்கலாம். ஆனால் இதே ஆட்டத்தை, இன்ஜின் சுழல்வதைப் பெட்டிக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரும் காட்டும், பெட்டிக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான மெயின் ரிலேயும் காட்டும். சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச்சுருள் சூட்டில் விட்டுப்போய், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். ரிலேக்குள் ஈயப்பற்றில் முடியளவு விரிசல் இருந்தாலும் இதே கதைதான். இரண்டும் ஈ.சி.எம்.முக்கு முன்னால் சில்லறைச் செலவு. அதனால் பெட்டியை வாங்குவதற்கு முன்னால் கொஞ்சம் பொறு.

நான் முதலில் கிராங்க் சென்சாரைத்தான் மாற்றினேன். பலனில்லை. பெட்டி குறித்துவைத்த குறைகளைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டால் பி0605 என்று ஒரு குறியீடு வந்தது. ஈ.சி.எம்.மின் உள் நினைவகத்தில் கோளாறு என்று அர்த்தம். உடனே துள்ளிவிடாதே. பேட்டரி வோல்டேஜ் சரிந்தாலோ, மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் எர்த் இணைப்பு சரியில்லாவிட்டாலோ கூட இந்தக் குறியீடு விழக்கூடும். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொன்று. வண்டி நின்ற நிமிடத்தில் சாவியை ஆன் செய்து பார்த்தேன். அப்போது வழக்கமாக எரியும் செக் இன்ஜின் விளக்கே எரியவில்லை. ஸ்கேனரும் எதிர்முனையில் ஆளே இல்லை என்றது. ஆறியதும் இரண்டும் உயிர் பெற்றன. சென்சார் மட்டும் போயிருந்தால் ஈ.சி.எம். விழித்துக்கொண்டு குறையாவது சொல்லும். இது பெட்டியே மயங்கி விழுந்த நிலை. அதற்குச் சாப்பாடு போகவில்லையா, இல்லை வயிற்றிலேயே கோளாறா என்பதுதான் கேள்வி.

முதலில் சாப்பாடு. கனெக்டரில் பேட்டரி லைன் வரும் இடத்தில் மீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும். அதை நம்பாதே. ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 12தான் சொல்லும், தேவையான மின்சாரம்தான் போகாது. ஒரு சின்ன பல்பை அந்த லைனில் மாட்டி, நன்றாக எரிகிறதா என்று பார். அப்புறம் எர்த். ஈ.சி.எம். கனெக்டரின் எர்த் ஊசிக்கும் (பின்) பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் மீட்டரை வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் துருவைச் சுரண்டு, போல்ட்டை இறுக்கு. பாதிப் பேரின் ஈ.சி.எம். அங்கேயே பிழைத்துவிடும் என்பது என் எண்ணம்.

எனக்கு இவை இரண்டும் சுத்தம். அடுத்தது சென்சார்களுக்கு ஈ.சி.எம். கொடுக்கும் 5 வோல்ட். வண்டி மயங்கியபோது அளந்தால் பூஜ்யம். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. பல சென்சார்கள் அந்த ஒரே 5 வோல்ட்டைப் பங்குபோட்டுக் குடிக்கின்றன. ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் மொத்தமும் படுத்துவிடும். ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே மீட்டரைப் பார்த்தேன். எதைக் கழற்றியபோதும் 5 திரும்பவில்லை. போகும் ஒயர் வண்டியின் உடம்பில் எங்கும் உரசவில்லை என்பதையும் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தேன்.

திறந்ததும் மீன் கவிச்சி. கேலியில்லை, மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் கெப்பாசிட்டரின் திரவம் கசிந்தால் அப்படித்தான் வாடையடிக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இரண்டு கெப்பாசிட்டர்களின் அடியில் பச்சை பூத்து, பக்கத்துத் தாமிரத் தடம் முடியிழையாக அரிபட்டிருந்தது. தலைமுடி உலர்த்தும் இயந்திரத்தால் அந்த மூலைக்கு மட்டும் சூடு காட்டினேன். மூன்றாவது நிமிடம் 5 வோல்ட் போயிற்று. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

அதே பார்ட் நம்பரில் ஒரு செகண்ட் ஹேண்ட் பெட்டி கிடைத்தது. மாட்டினேன். கிளம்பியது, இரண்டு நொடியில் அணைந்தது. மறுபடியும் அதேதான். இம்மொபிலைசர், அதாவது தெரியாத சாவிக்கு இன்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு! சாவியின் ரகசியம் என் பழைய பெட்டியில் இருக்கிறது, வந்தவனுக்கு என் சாவி அந்நியன். என் காரில் அந்த ரகசியம் எட்டுக் கால் வைத்த ஒரு சின்ன நினைவகச் சிப்பில் இருக்கிறது. என் பெட்டியிலிருந்து அதைக் கழற்றி வாங்கிய பெட்டியில் வைத்தேன். கை நடுக்கமும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு மணி நேரம். எல்லா வண்டியிலும் இந்த வேலை நடக்காது. சிலவற்றில் புரோகிராம் செய்துதான் சாவியைச் சேர்க்க வேண்டும். உன்னுடையது எந்த வகை என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடு.

இன்னொன்று. வாங்கிய பெட்டிக்கும் என் பெட்டியின் வயசுதான், அதன் கெப்பாசிட்டர்களும் அதே கிழங்கள்தான். அதனால் மாட்டுவதற்கு முன்பே அவற்றை எடுத்துவிட்டு, அதே அளவில் 105 டிகிரி தாங்குகிற புதியவற்றைப் போட்டேன். கோடு போட்ட பக்கம் நெகட்டிவ், மாற்றிப் போட்டால் வெடிக்கும்.

முந்தைய காரில் நான் பட்டது உனக்கு நினைவிருக்கும். புதுப் பெட்டி மாட்டிய இரண்டாம் நாளே செத்தது. முதல் பெட்டியைக் கொன்ற இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி தருவது) வண்டியிலேயே உட்கார்ந்திருந்தது, நான்தான் பார்க்கவில்லை. உள்ளே ஷார்ட் ஆன காயில் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்து, பெட்டிக்குள் அதை இயக்கும் டிரான்சிஸ்டரை எரித்துவிடும். இந்த முறை காயில்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அளந்தேன். எரிபொருள் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் நான்கும் 14 ஓம் பக்கத்தில் நின்றன. ஒன்று மட்டும் தனியாகக் கீழே இறங்கியிருந்தால் அதை மாற்றாமல் பெட்டியைத் தொட்டிருக்க மாட்டேன்.

மாட்டும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடு, பின்களைக் கையால் தொடாதே. மாட்டியபின் ஐட்லிங், அதாவது நின்றபடி ஓடும் இன்ஜின் வேகம், கொஞ்சம் ஏறி இறங்கும். எனக்கு இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

நேற்று அரை மணி நேரம் ஓட்டினேன், பானட் கொதிக்கிற அளவுக்கு. நிற்கவில்லை. பழைய பெட்டி அலமாரியில் இருக்கிறது. தடத்துக்கு ஒரு கம்பி ஒட்டி, அதையும் பிழைக்கவைக்கலாமா என்று பார்க்கிறேன்.

உன் முழங்கால் வலி குறைந்ததா? எழுதவே இல்லையே. வண்டி அடுத்த தடவை நிற்கும்போது செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா, எர்த்தில் எவ்வளவு வருகிறது, இந்த இரண்டை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்து அனுப்பு. அதுவரை பெட்டிக்கு முன்பணம் கொடுத்துவிடாதே.

உன்,
பழைய பெஞ்சுத் தோழன்