தெருப் பாட்டு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், நாற்காலியில் இருக்கும் பெரியவர்களுக்கும், பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கை இது. முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பாட்டுக்குத்தான் நேரம் வேண்டும். போன ஆண்டு 31 பேர் இருந்தோம், இந்த ஆண்டு 44 பேர். புதிதாகச் சேர்ந்த 13 பேரில் 9 பேர் இருபது வயதைத் தாண்டாதவர்கள். ஆளுக்கு 200 ரூபாய் சந்தா, அதில் 8,800 வந்தது. முந்தைய இருப்பு 1,450. டேப்ரிக்கார்டர் பழுது, கிராமபோன் ஊசி ஆகியவற்றுக்கு 4,600, வேன் வாடகை 2,500, டீயும் சுண்டலும் 2,300 போக, கையில் இருப்பது 850 ரூபாய். நவம்பரில் மாடிக் கொட்டகை ஒழுகியதால் ஒரு கூட்டம் நின்றுபோனது. மற்ற 11 மாதமும் கூடினோம்.

நம் வட்டத்தின் விதிகள் உங்களுக்குத் தெரியும். ஒருவர் ஒரு பாட்டு கொண்டுவரலாம். அது தனக்கு எப்படி அறிமுகமானது என்று நாலு வார்த்தை சொல்லலாம். பாட்டு முடியும்வரை யாரும் பேசக் கூடாது, செல்போனைத் தொடக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, போனால் செயலாளர் மணி அடிப்பார். இந்தக் கடைசி விதியை எடுத்துவிட வேண்டும் என்று இன்று தீர்மானம் கொண்டுவருகிறேன். ஏன் என்பதற்கு இந்த ஆண்டு நடந்ததையே சொல்கிறேன்.

ஜூன் மாதம் நம்மில் மூத்தவர், 82 வயது தாத்தா, தன் அப்பா வாங்கிய 78 தட்டு ஒன்றை, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய இசைத்தட்டை, துணியில் சுற்றி எடுத்துவந்தார். நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா பாடியது. நம்மிடம் இருந்தது பிற்காலத்து எல்.பி. தட்டுக்கான மெல்லிய ஊசி. 78 தட்டின் கோடு அகலமானது, அதில் மெல்லிய ஊசி அடியில் போய் உரசும், பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் வரும். அதனால் அகலமான ஊசி வரவழைத்தோம், 4,600இல் ஒரு பங்கு அதற்குத்தான். பாட்டு ஓடியபோது பிளஸ் ஒன் படிக்கும் பெண் ஒருத்தி, விதிப்படி முடியும்வரை காத்திருந்து கேட்டாள்: "ஏன் தாத்தா இவர் இவ்வளவு உச்சத்துல பாடறாரு?" தாத்தா சொன்னார்: "நாடகக் கொட்டகையில மைக் ஏதும்மா? கடைசி வரிசையில தரை டிக்கெட்காரனுக்கும் கேக்கணுமே." 1933இல், இருபத்தேழு வயதில் கிட்டப்பா இறந்துவிட்டார் என்று அவர் சொன்னதும் அந்தப் பெண் மறுபடி ஒருமுறை போடச் சொன்னாள். தட்டின் ஒரு பக்கம் மூன்றரை நிமிடம்கூட வராது. இரண்டு முறை போட்டும் ஏழு நிமிடத்துக்குள் முடிந்தது. நான் மணி அடிக்கவில்லை.

அதே கூட்டத்தில் அவள் கொண்டுவந்தது கொரியப் பாட்டு. அவளுக்குப் பிடித்த கே-பாப் குழு ஒன்றைத்தான் எடுத்துவருவாள் என்று எதிர்பார்த்தோம். தாளம் இடிக்கிறது என்று அவள் பாட்டி முன்பே சொல்லியிருந்ததால், அந்த நாட்டு ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடும் 'அரிராங்' என்ற நாட்டுப்பாடலை எடுத்துவந்தாள். யுனெஸ்கோ 2012இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த பாட்டு அது. நம் வயலின் சார் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஐந்தே சுரம். மோகன ராகத்துக்குப் பக்கத்து வீடு" என்றார். அப்புறம் ச ரி க ப த என்று பாடிக் காட்டினார். சுரம் ஒன்றாக இருந்தால் ராகம் ஒன்றாகிவிடாது, மோகனத்துக்கென்று தனி அசைவு உண்டு என்பதையும் சேர்த்தே சொன்னார். பாட்டி பேத்தியைப் பார்த்த பார்வையில் ஒரு கனிவு வந்தது, அதைப் பலரும் கவனித்திருப்பீர்கள்.

அந்த மோகனம் செப்டம்பரிலும் தொடர்ந்தது. ஒரு அம்மா 1988இல் வந்த 'அக்னி நட்சத்திரம்' படத்தில் இளையராஜா போட்ட 'நின்னுக்கோரி வர்ணம்' பாட்டைக் கொண்டுவந்தார். கல்லூரி நாளில் கேசட் தேயத் தேயக் கேட்டாராம். கர்நாடக இசை வகுப்பில் வர்ணம் கற்றுக்கொண்டிருக்கும் அவர் மகள், பூச்சி சீனிவாச அய்யங்காரின் மோகன வர்ணத்தை உடனே எடுத்துப் பாடினாள். அதன் தொடக்கமும் 'நின்னுகோரி'தான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அம்மாவின் பாட்டு மகளுக்கும், மகளின் பாடம் அம்மாவுக்கும் இத்தனை நாளாகத் தெரியாமலே இருந்திருக்கிறது. இதற்காகத்தான் இந்த வட்டத்தை நடத்துகிறோம் என்று எனக்குத் தோன்றியது.

இனி ஒரு வருத்தமான விஷயம். அறிக்கையில் வேண்டாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள், ஆனாலும் பதிவாக வேண்டும். ஜூலையில் ஒரு தம்பி கானா கொண்டுவந்தான், மரண வீட்டில் பாடுவது. வடசென்னையில் இறந்தவர் வீட்டில் விடிய விடிய உட்கார்ந்து, போனவரின் பெயரையும் குணத்தையும் சொல்லிப் பாடுவார்கள். அவன் மாமா இறந்தபோது அப்படிக் கேட்டிருக்கிறான். அதை அவன் சொல்ல ஆரம்பித்ததும் பின்னால் சிலர் சிரித்தார்கள். நல்ல நாளில் சாவுப் பாட்டா என்று இரண்டு பேர் எழுந்து போனார்கள். பாட்டு பாதியில் நின்றது. அடுத்த கூட்டத்துக்கு அவன் வரவில்லை. தவறு நம்முடையது. ஓதுவார் தேவாரம் பாடும்போது காட்டும் மரியாதையைக் கானாவுக்குக் காட்டவில்லை என்றால், எல்லா வகைப் பாட்டும் கேட்கிறோம் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை கிடையாது.

அவனைப் பார்க்க நானும் நம் டிரைவர் ஐயாவும் போனோம். ஐயா அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "முழுசா போடு தம்பி" என்றார். கேட்டு முடித்துவிட்டு மறுபடியும் போடச் சொன்னார். அதற்குப் பின் எந்தச் சமாதானமும் பேச வேண்டியிருக்கவில்லை.

அவன் வராத அந்த ஆகஸ்ட் கூட்டத்தில் ஐந்து நிமிட விதி இன்னும் பெரிதாக உடைந்தது. கல்லூரி மாணவர் ஒருவர் 2021இல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி'யைப் போட்டார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து திரும்பிய தன் பாட்டியின் கதைகளிலிருந்து ராப் பாடகர் அறிவு எழுதிய பாட்டு. ராப் என்றதும் முகம் சுளித்தவர்கள்கூட, அதில் ஒப்பாரியின் சாயல் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பாட்டு முடிந்தது. மேலத்தெரு அம்மா எழுந்தார். தோட்டத் தமிழர்களைத் திருப்பி அனுப்புவது பற்றிய 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் கப்பலேறி வந்த குடும்பம் அவருடையது. ஆறு ஆண்டாக நம்மோடு இருக்கிறார், அன்றுவரை ஒரு பாட்டும் கொண்டுவந்ததில்லை. "எங்கம்மாவும் கொழுந்து பறிச்சவதான்" என்று சொல்லிவிட்டு, அம்மா பாடிய ஒப்பாரியைப் பாடினார். ஒன்பது நிமிடம். மணி என் மடியில் இருந்தது. ஐந்தாவது நிமிடத்தில் அதை அடித்திருந்தால் என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன்.

அக்டோபரில் டிரைவர் ஐயா காலமானார். முப்பது வருடத்துக்கு மேல் கும்பகோணத்திலிருந்து பஸ் ஓட்டியவர். அவர் பஸ்ஸில் டேப்ரிக்கார்டர் பாடாத நாள் கிடையாது. ஊரில் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்த காலத்தில், தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, வெற்றுக் கேசட்டில் பதிந்து வாங்குவார். அவர் மகள் கொடுத்த 26 கேசட்டையும் கணினியில் ஏற்றினோம். வேலையை முன்னின்று செய்தது அந்தக் கானாத் தம்பிதான். முதல் கேசட்டை ஒரு கடையில் கொடுத்தோம், நாடா இழுபட்டுத் திரும்பி வந்தது. அப்புறம் எதையும் வெளியே கொடுக்கவில்லை. டேப்ரிக்கார்டருக்கு பெல்ட் மாற்றி, நாடா உரசிப் போகும் ஹெட்டை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து, பூஞ்சை பிடித்த நாடாவைக் கையால் மெதுவாகச் சுற்றி, ஒவ்வொன்றாக ஓடவிட்டான். கேசட் ஓடும் நேரம் முழுக்க அருகே இருந்தாக வேண்டும், அவசரப்படுத்த வழியில்லை. இந்தப் பதிவுகளை யாரும் வெளியே அனுப்ப வேண்டாம். வெளியாகி 60 ஆண்டு ஆகாத ஒலிப்பதிவுக்குப் பதிப்புரிமை உண்டு.

டிசம்பர் கூட்டத்தில் அவர் நினைவாக ஒரு கேசட்டின் முதல் பக்கத்தை முழுதாகக் கேட்டோம். 90 நிமிடக் கேசட், ஒரு பக்கம் 45 நிமிடம். உறை அட்டையில் நீல மையில் அவர் கையெழுத்து. சீர்காழி கோவிந்தராஜனின் முருகன் பாட்டு, அடுத்து நாகூர் ஹனீபா, அடுத்து இளையராஜா, மறுபடி ஹனீபா. காலைப் பயணத்துக்கு எது, கூட்டம் இறங்கிய பிறகு எது என்று பார்த்து அடுக்கியிருக்கிறார். "இது பிளேலிஸ்ட்தானே" என்றாள் ஒரு பெண். ஆமாம், தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போக முடியாத பிளேலிஸ்ட். அதனாலேயே அந்தப் பஸ்ஸில் போனவர்கள் தமக்குப் பழக்கமில்லாத பாட்டையும் முழுதாகக் கேட்டார்கள். இன்று அவர்களுக்கு அதுவும் மனப்பாடம். அந்த 45 நிமிடத்தில் ஒரு செல்போன்கூட வெளியே வரவில்லை.

ஜனவரியில் வேன் பிடித்து நரசிங்கன்பேட்டைக்குப் போய் நாதஸ்வரம் செய்வதைப் பார்த்தோம். 2022இல் புவிசார் குறியீடு பெற்றது அந்த ஊர் நாதஸ்வரம். நன்றாகக் காய்ந்த பழைய ஆச்சா மரத்தைக் கடைந்து துளையிடுகிறார்கள். திரும்பும் வழியில் வேனிலேயே நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைப் போட்டோம். ஆலாபனை பாதியில் இருக்கும்போது தெரு வந்துவிட்டது. யாரும் இறங்கவில்லை. டிரைவர் தம்பி எஞ்சினை அணைத்துவிட்டு அவரும் உட்கார்ந்து கேட்டார்.

ஆகவே தீர்மானம் இது. ஐந்து நிமிட விதியை நீக்க வேண்டும். நீளமான பாட்டு கொண்டுவருபவர் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும், ஒரு கூட்டத்துக்கு அப்படி ஒன்று மட்டும். மரண வீட்டுப் பாட்டு, சாமி பாட்டு, கட்சிப் பாட்டு, சினிமாப் பாட்டு எதுவானாலும், அது ஒலிக்கும்போது எழுந்து போகக் கூடாது என்பதையும் விதியாக எழுத வேண்டும். பொருளாளர் வழிமொழிய இசைந்திருக்கிறார்.

கொட்டகைக்குப் புதுத் தகரம் போட 6,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். முடிந்தவர்கள் கொடுங்கள். மேலத்தெரு அம்மாவின் ஒப்பாரியைப் பதிவு செய்ய அவர் சம்மதம் தந்திருக்கிறார், மே மாதத்துக்குள் முடித்துவிடுவோம்.

அடுத்த கூட்டம் ஏப்ரல் முதல் ஞாயிறு, மாலை ஐந்தரை. டிரைவர் ஐயாவின் கேசட்டில் இரண்டாம் பக்கத்தை அன்று கேட்கிறோம். அவர் மகளும் வருகிறார், அவரோடு அதே பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவரும் வருகிறார். பாய் போதாது, வீட்டில் இருப்பதை எடுத்து வாருங்கள்.

இங்ஙனம்,
செயலாளர்