கருப்பன் இப்ப வர முடியாதும்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

போன்ல சொன்னா நீ பாதிய மறந்துட்டு தம்பிகிட்ட மாத்திச் சொல்ற, அதான் எழுதுறேன். சித்திரையில நான் வரும்போது நம்ம நாய்க்குட்டி கருப்பன கூடையில வச்சு ஜெர்மனிக்குத் தூக்கிட்டுப் போயிருன்னு சொன்னல்ல, அது நடக்காதும்மா.

ஜெர்மனிக்குள்ள நம்மூர் நாய் வரணும்னா முதல்ல சிப் போடணும், தோலுக்கடியில அரிசி மணி அளவுக்கு ஒண்ணு, அதுல 15 இலக்க நம்பர் இருக்கும். அதுக்கப்புறம்தான் வெறிநாய் ஊசி, அதுவும் குட்டிக்கு 12 வாரம் ஆகியிருக்கணும். நீ என்னடான்னா ரெண்டு மாசத்துலயே மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி குத்திட்டு வந்துட்ட. உன்னக் குத்தம் சொல்லல, ஆனா இவங்க கணக்குல அது ஊசியே இல்ல, மறுபடி போடணும். போட்டு 30 நாள் கழிச்சு ரத்தம் எடுத்து இவங்க ஒத்துக்கிட்ட லேபுக்கு அனுப்பணும், எதிர்ப்பு சக்தி 0.5 யூனிட்டுக்குக் கொறையாம இருந்தாத்தான் பாஸ், பாஸானாலும் ரத்தம் எடுத்த நாள்லருந்து 3 மாசம் காத்துக்கெடக்கணும். பொங்கலுக்குப் பொறந்தவனுக்கு விரல் விட்டு எண்ணிப் பாத்தேன், ஆடிக் கடைசி ஆயிருது. அப்ப எந்தக் கூடையில அடங்குவான்?

இவங்களுக்கும் காரணம் இருக்கு. இந்த வெறிநாய் நோய ஒழிக்க காட்டு நரிக்கெல்லாம் மருந்து வச்ச இரைய பிளேன்லருந்து போட்டிருக்காங்க, 2008லதான் நோய் இல்லாத நாடுன்னு ஆச்சு.

போன தடவ பால்கோவா டப்பாவ ஏர்போர்ட்ல புடுங்குனாங்களே, பால் சாமான், கறி எதுவும் உள்ள வரக்கூடாதுன்னு. மூடியத் தெறந்து மோந்து பாத்துட்டு அப்படியே தொட்டியில போட்டான், எனக்கு இன்னும் ஆறல. நாய்க்கும் அதே கண்டிப்புதான், பேப்பர் சரியில்லாத நாய திருப்பி அனுப்புவாங்க, இல்ல நம்ம செலவுல அடைச்சு வைப்பாங்க, வேற வழியே இல்லன்னா கொல்லவும் சட்டத்துல இடம் இருக்கு. அதான் எனக்கு பயம். பாப்பாகிட்ட இத மட்டும் சொல்லல.

வந்து சேந்தாலும் பெர்லின்ல வருஷத்துக்கு 120 யூரோ நாய் வரி, அப்பாகிட்ட சொல்லு, வீட்டு வரிக்கே மூணு தடவ நடக்க விடுற மனுஷன்.

நான் லீவ ஆவணிக்கு மாத்திட்டேன். கெளம்புறதுக்கு முன்னாடி வாங்குற நாயோட ஹெல்த் சர்டிபிகேட் 10 நாளுக்குத்தான் செல்லும், சென்னை குவாரண்டைன் ஆபீஸ் வேலைய நானே வந்து பாத்துக்கிறேன். நீ சிப் மட்டும் முதல்ல போட்டுரு, ஊசி அதுக்கப்புறம், மாத்திராத. சிப்போட வர்ற நம்பர் ஸ்டிக்கர தம்பிய போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு.