அந்தப் பில் பற்றி, அண்ணாவுக்கு

அண்ணா,

வேலையை விட்டுவிட்டீர்கள் என்று உங்கள் மூத்தவள் சொன்னாள். முழங்கால் இனித் தாங்காதாம். நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. தொலைபேசி எடுத்தால் இரண்டு நிமிடம் குளிரைப் பற்றிக் கதைத்துவிட்டு அண்ணியிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். பெரியம்மாவின் பிள்ளைகள் கட்டாயம் வாசிப்பார்கள், ஊர்ச் சனத்திலும் பாதிப் பேர் வாசிப்பார்கள். சில இடங்களில் நான் சுற்றி வளைத்துப் போனால் ஏன் என்று உங்களுக்கு விளங்கும்.

2014. பாரிஸ் மாணிக்க விநாயகர் தேருக்கு முந்தின சனிக்கிழமை. எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பலில் தோசை சாப்பிடலாம் என்றீர்கள். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். பிரெஞ்சுக் கடை வேண்டும், மேசையில் துணி விரித்திருக்க வேண்டும், நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க ஒருவர் வந்து என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். அத்தனை வருடம் அந்த நகரத்தில் கோப்பை கழுவிய நீங்கள் ஒரு தடவைகூட அப்படி உட்கார்ந்ததில்லை என்று அண்ணி சொல்லியிருந்தார். அதற்கென்றே லண்டனில் தனியாக ஓர் உறையில் காசு சேர்த்திருந்தேன். என்னை ஊரிலிருந்து எடுப்பிக்க நீங்கள் எவ்வளவு கட்டினீர்கள், யாரிடம் வட்டிக்கு வாங்கினீர்கள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அந்த உறையில் இருந்தது அதற்கு முன்னால் தூசு. ஆனாலும் அது என் காசு.

முன்பக்கம் பேக்கரி மாதிரிப் பாண் விற்பனை, பின்பக்கம் பத்துப் பன்னிரண்டு மேசை. வாசலிலேயே தொடங்கிவிட்டீர்கள். உள்ளே போனதும் முதலில் 'போன்ஜூர்' சொல், அதைச் சொல்லாமல் எதைக் கேட்டாலும் முகத்தைத் திருப்புவார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற கிழவி, நன்றாகக் கறுக்க வெந்ததாக ஒன்று கேட்டாள். "பார், இவளுக்குத் தெரியும்" என்றீர்கள். 'திரதிசியோன்', பாரம்பரியம், என்று எழுதியிருந்த பாணைக் காட்டி, அந்தப் பெயருக்கு 1993இல் சட்டமே போட்டிருக்கிறார்கள், மாவை உறைய வைக்கக்கூடாது, மருந்து கலக்கக்கூடாது என்று, ஏதோ நீங்களே கையெழுத்திட்ட சட்டம் மாதிரிச் சொன்னீர்கள். வீட்டுக்கு என்று ஒன்றும் வாங்கிக்கொண்டீர்கள். அதற்கு மட்டும் என்னைக் காசு கொடுக்க விட்டீர்கள். ஒரு யூரோவும் சில்லறையும்.

நான் வெங்காய சூப் கேட்டேன். மரக்கறி என்றுதான் நினைத்தேன். "வேண்டாம், அது மாட்டெலும்பு அவித்த தண்ணீர்" என்று காதுக்குள் சொன்னீர்கள். எனக்கு உருளைக்கிழங்கும் சீஸும் போட்டுச் சுட்ட ஒன்று வந்தது. நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்பதை எழுத மாட்டேன். பெரியம்மாவுக்கு இப்போதும் கண் நன்றாகத் தெரிகிறது.

கூடையில் பாண் துண்டுகளை வைத்தார்கள். அதற்குத் தனிக் காசு இல்லை, குழாய்த் தண்ணீர்க் குடுவைக்கும் இல்லை என்று சொல்லி, பணக்காரச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் பாணைத்தான் எடுத்தீர்கள். தட்டில் வைக்கவில்லை, அவர்களைப் போலவே துணியின் மேல் வைத்தீர்கள். பிரெஞ்சிலும் இதன் பெயர் கிட்டத்தட்ட பாண்தான், போர்த்துக்கீசன் எங்களுக்குத் தந்த சொல், சமையலறைக்கு நாங்கள் சொல்லும் குசினியும் அப்படித்தான், அதனால் இந்த ஊரில் முதல் நாளே தனக்கு இரண்டு சொல் தெரிந்திருந்தது என்று சொல்லிச் சிரித்தீர்கள். அன்றைக்கு நீங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அது போதும் என்று நினைத்திருந்தேன்.

அப்போதுதான் உள்ளே கோப்பை உடைந்தது. ஒன்றல்ல, ஓர் அடுக்கு. மேசைகளில் இருந்தவர்கள் திரும்பினார்கள். மூலையில் இருந்த ஒருவன் கை தட்டினான், அவனோடு இருந்தவர்கள் சிரித்தார்கள். நீங்கள் எழுந்துவிட்டீர்கள். மடியில் விரித்திருந்த துணி கீழே விழுந்தது. இடது கை மேசையை ஊன்றியிருக்க, வலது கை வயிற்றுக்கு முன்னால் எதையோ தேடியது, ஏப்ரனின் முடிச்சையாக இருக்க வேண்டும். உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "இருங்கள் அண்ணா, எல்லாரும் பார்க்கிறார்கள்." உண்மையில் ஒருவரும் பார்க்கவில்லை. கை தட்டினவன்கூடத் தன் வைனுக்குத் திரும்பிவிட்டான்.

உட்கார்ந்தீர்கள். கொஞ்ச நேரத்தில் கழிப்பறைக்குப் போய் வருகிறேன் என்று எழுந்தீர்கள். திரும்பி வந்தது கழிப்பறைப் பக்கத்திலிருந்து அல்ல. குசினிக் கதவு ஆடிக்கொண்டிருந்தது.

அங்கே கேட்காமல் பில் கொண்டுவர மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. அரை மணி நேரம் உறையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் கையைத் தூக்கிக் கேட்டேன். பணியாள் உங்களைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "செ ரெக்லே, மதாம்." கணக்கு முடிந்துவிட்டது.

தெருவில் நான் கத்தியது உங்களுக்கு நினைவிருக்கும். என்னைச் சாகும்வரை கடனாளியாகவே வைத்திருக்கப் பார்க்கிறீர்கள் என்றேன். அந்தச் சொல்லை நான் திருப்பி எடுக்கவில்லை. அது உண்மை. என் கல்யாணத்துக்கும் அதையே செய்தீர்கள், அம்மாவின் செத்தவீட்டுக்கும் அதையே செய்தீர்கள். மற்றவர்கள் உங்களைத் தெய்வம் என்கிறார்கள். தெய்வத்துக்குத் தங்கச்சியாக இருப்பது சுகமான வேலை இல்லை.

நீங்கள் பதில் சொல்லவில்லை. கக்கத்தில் இருந்த பாணின் நுனியை முறித்து என்னிடம் நீட்டினீர்கள். ஊரில் பேக்கரியிலிருந்து ரோஸ் பாண் வாங்கி வரும்போது சைக்கிள் பாரில் என்னை இருத்தி, சூட்டோடு ஒரு மூலையைக் கிள்ளித் தருவீர்களே, வீட்டில் எலி கடித்தது என்று சொல்வோமே, அதே மாதிரி. பாரிஸ்காரரும் வீடு போய்ச் சேருமுன் நுனியைத் தின்றுவிடுவார்கள் என்று பிறகு கவனித்தேன். அன்றைக்கு நான் அதை வாங்கவில்லை. ஸ்டேஷன் பக்கம் திரும்பி நடந்தேன். தேருக்கும் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது கையில் அந்தத் துண்டோடு அப்படியே நின்றீர்கள்.

இதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன். பில்லுக்கு இல்லை.

2023இல் தர்ஷன் செல்வராஜாவின் படத்தை எனக்கு அனுப்பினீர்கள். எங்கள் நாட்டுப் பிள்ளை பாரிஸ் நகரத்தின் பாண் போட்டியில் முதலாவதாக வந்து, ஒரு வருடம் ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் கொடுக்கப் போகிறார் என்ற செய்தி. கூடவே ஒரு சொல்லும் எழுதவில்லை. நான் ஒரு கட்டைவிரலை அனுப்பினேன். அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று எழுதியிருக்கலாம். நீங்களும் எழுதியிருக்கலாம்.

குசினிக்குள் அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்பதை உங்கள் மூத்தவள் போன வாரம்தான் சொன்னாள். பில்லைக் கட்டிவிட்டு, கோப்பையை உடைத்த பொடியனோடு குனிந்து துண்டுகளைப் பொறுக்கினீர்களாம். அவனுக்கு அது மூன்றாவது நாளாம். அவன் கையில் ஏதோ வைத்தீர்களாம். எவ்வளவு என்று அவளுக்கும் தெரியவில்லை.

இந்த வருடத் தேருக்கு முந்தின நாள் வருகிறேன். அதே கடை இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் பக்கத்தில் ஒன்று. உறை இப்போதும் இருக்கிறது, கொஞ்சம் தடித்திருக்கிறது. நீங்கள் கழிப்பறைக்கு எழுந்தால் நானும் பின்னால் வருவேன். யார் பார்த்தாலும் சரி.

தங்கச்சி