மாலிக் கபூரும் 48 ஆண்டுக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு 26 வருஷமாக வழிகாட்டியாக இருக்கிறேன். சுவாமி சன்னிதிப் பக்கம் சிதைந்த சிவலிங்கம் ஒன்றை வைத்திருப்பதை உங்கள் வாசகர்கள் பார்த்திருப்பார்கள். அதைக் காட்டி, "மாலிக் கபூர் உடைத்தது" என்றுதான் சொல்லிவந்தேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவரும் அப்படித்தான் சொன்னார். போன ஞாயிறு உங்கள் ஆன்மிக இணைப்பில் வந்த கட்டுரையும் அதையே சொல்கிறது. ஸ்ரீரங்கத்துக் கொள்ளை, மதுரைக் கோயில் 48 ஆண்டு அடைபட்டுக் கிடந்தது என்று எல்லாம் அவர் கணக்கில்தான்.

சில வருஷங்களுக்கு முன், ஏழாவதோ எட்டாவதோ படிக்கிற ஒரு பையன் அந்த லிங்கத்தின் முன்னால் நின்று, "அங்கிள், மாலிக் கபூர் மதுரையில எத்தனை நாள் இருந்தாரு?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. "ரொம்ப நாள் இருந்தாரு தம்பி" என்று சொல்லிச் சமாளித்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் நூலகத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியின் தளபதியான அந்த மாலிக் கபூர் தமிழ்நாட்டுக்குள் வந்தது 1311 மார்ச்சில். ஏப்ரல் கடைசியில் திரும்பிவிட்டார். முழுசாக இரண்டு மாதம்கூட இல்லை. மதுரைக்கு வந்தபோது அரண்மனை காலி. பாண்டியன் அரசியரோடு வெளியேறியிருந்தான். கோயிலில் நின்ற இரண்டு மூன்று யானைகளைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குத் தீ வைத்தார்கள் என்று டெல்லி அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரோவே பெருமையாக எழுதிவைத்திருக்கிறார். ஆகவே அவர் கோயிலைத் தொடவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்காக அடித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் இவ்வளவு சுலபமாக உள்ளே வந்திருக்க முடியுமா என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஆனால் 1316-லேயே மாலிக் கபூர் டெல்லியில் கொல்லப்பட்டார். வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியார், ஸ்ரீரங்கத்து உற்சவரான நம்பெருமாளை எழுந்தருளச் செய்துகொண்டு ஸ்ரீரங்கத்தை விட்டுப் புறப்பட்டது 1323-ல், பின்னாளில் முகமது பின் துக்ளக் ஆன உலுக் கானின் படையெடுப்பின்போது. தள்ளாத வயதில் அலைந்த அந்த மகான் பரமபதித்தது எங்கள் யானைமலை அடிவாரத்துக் கொடிக்குளத்தில்தான். செத்து ஏழு வருஷமானவர் எப்படி அந்த 1323 படையெடுப்பில் ஸ்ரீரங்கத்தைக் கொள்ளையடிப்பார்? மதுரையில் தனி சுல்தான்கள் ஆளத் தொடங்கியது அதற்கும் பிறகு, 1335 வாக்கில். அவர்களில் ஒருவரான கியாசுதீன், பெண்களையும் குழந்தைகளையும்கூட விடாமல் கொன்றதை மனம் பதைத்து எழுதியவர் அந்த சுல்தானின் சகலையான மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா.

மதுரைக் கோயிலில் கருவறையைச் சுவர் எழுப்பி அடைத்து, முன்னால் வேறொரு லிங்கத்தை வைத்தார்கள், படைகள் சிதைத்தது அதைத்தான் என்கிறது கோயில் வரலாறு. 48 ஆண்டு கழித்து, விஜயநகர இளவரசர் குமார கம்பணர் காலத்தில் திறந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்ததாம், மாலை வாடாமல் இருந்ததாம். அதே கம்பணர் காலத்தில் நம்பெருமாள் ஸ்ரீரங்கம் திரும்பிய ஆண்டு 1371. அதில் 48-ஐக் கழித்துப் பாருங்கள். 1323 வரும், 1311 வராது.

எல்லாவற்றையும் ஒரே பெயரில் எழுதிவிட்டால், இரண்டு மூன்று தலைமுறை பட்ட பாடு ஏதோ ஒரு நாள் சம்பவம்போல ஆகிவிடுகிறது. சுவரை எழுப்பியவர்களும், அது திறக்கும் என்று காத்திருந்தே கண்மூடியவர்களும் கதையிலேயே இல்லாமல் போகிறார்கள். இப்போதெல்லாம் அந்த லிங்கத்தின் முன்னால் நின்றால் வருஷத்தைத்தான் முதலில் சொல்கிறேன். விளக்குக் கதையையும் விடுவதில்லை. அதைச் சொல்லும்போது இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

உங்கள் ஞாயிறு இணைப்பை வெட்டி நோட்டில் ஒட்டிவைக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். அடுத்த இதழிலேயே இந்த ஆண்டுகளைப் போட்டு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கோயில் வழிகாட்டி ஒருவர்,
தெற்குமாசி வீதி, மதுரை.