மடித்து நிறுத்துங்கள், தாழ்த்தி வையுங்கள்

ஜப்பானிய மடிப்புத் திரைகளைக் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகங்களின் மதிப்பிற்குரிய காப்பாட்சியர்களுக்கு,

வணக்கம். நான்கு பருவங்களின் பூக்களையும் பறவைகளையும் தீட்டிய ஒரு திரை இணையை, அண்மையில் ஒரு காட்சிக்கூடத்தில், சுவரோடு சுவராகத் தட்டையாக விரித்து உயர்த்தி மாட்டியிருந்ததைக் கண்டு மனம் வருந்தி இம்மடலை எழுதுகிறேன்.

இத்திரைகளின் ஜப்பானியப் பெயரான 'பியோபு' என்ற சொல்லுக்கே காற்றைத் தடுப்பது என்றுதான் பொருள். தரையில் மடிந்து நிற்கவும், பாயில் அமர்ந்தவர் பார்க்கவும் செய்யப்பட்ட பொருள் அது. 14ஆம் நூற்றாண்டுவாக்கில் காகிதக் கீல்கள் வழக்கத்துக்கு வந்து, பலகைக்குப் பலகை இருந்த கரைகள் நீங்கிய பிறகே ஒரே கிளை பல பலகைகளைத் தாண்டி ஓட முடிந்தது. வலமிருந்து இடமாகப் பார்த்து வந்தால், பெரும்பாலும் இளவேனிலின் பிளம் மலரில் தொடங்கி, செவ்வந்தியும் காட்டு வாத்துகளும் வரும் இலையுதிர்காலத்தைக் கடந்து, பனி படிந்த நாணலில் ஆண்டு முடியும். மடிப்பு முன்னே தள்ளும் இடத்தில் கிளை நம்மை நோக்கி நீள்கிறது. உட்குழிந்த பலகையில் நிற்கும் கொக்கு, நாம் இரண்டடி நகர்ந்த பிறகே முழுதாகத் தெரிகிறது. தட்டையாக்கிய திரையில் இவை எதுவும் நிகழ்வதில்லை.

ஒகாதா கோரின் (1658–1716) தீட்டிய ஐரிஸ் மலர்த் திரைகளை எண்ணிப் பாருங்கள். ஆறு பலகைகள் கொண்ட அந்த இரு திரைகளிலும் நீர் இல்லை, பாலம் இல்லை, பறவைகூட இல்லை. தங்க ரேக்கின்மேல் நீலமும் பச்சையும் மட்டுமே. இருந்தும், மடிப்புகளின் ஏற்ற இறக்கத்தால் அம்மலர்கள் ஓர் ஓடைக்கரையாகவே விரிகின்றன. அவற்றைப் பாதுகாக்கும் டோக்கியோவின் நெசு அருங்காட்சியகம், தன் தோட்டத்தில் ஐரிஸ் பூக்கும் பருவத்தில் அவற்றைக் காட்சிக்கு வைப்பதை வழக்கமாகக் கொண்டுள்ளது. பருவத்தைப் பாடும் ஓவியத்துக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதையை நான் அறியேன்.

வெளிச்சத்தைக் கூட்டுமாறு நான் கேட்கவில்லை; நிறமிகளுக்கும் காகிதத்துக்கும் அது கேடு என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். அகல்விளக்கின் ஒளியிலும் தாள் கதவு வழியே கசிந்த பகலிலும் மின்னிய தங்கம், மங்கலான ஒளியிலேயே உயிர்பெறும். ஆகவே திரைகளை மடித்துத் தாழ்வான மேடையில் நிறுத்தி, எதிரே உயரம் குறைந்த இருக்கைகளை இட்டு, எந்தப் பருவம், எந்தப் பறவை, எந்தப் பூ என்பதை, வலமிருந்து இடமாகப் பார்க்கும் வரிசையில் எழுதி வைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓர் ஓவிய ஆர்வலர்